சொகுசுக் கார் எடுக்கும் முன்னும் எடுத்த பின்னும்: கணக்குப் போடும் முறை

"இன்னாம்மா, எடுக்கலாமா வேணாவா? ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டபடி மாமா அந்தக் கொட்டேஷனை என் மேஜைமேல் வைத்தார். வடசென்னை காசிமேட்டில் இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர். ஏப்ரல் 15இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் அப்போது பாதி ஓடியிருந்தது. படகு இரண்டையும் கரையேற்றி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொட்டேஷனில் இருந்தது ஒரு ஜெர்மன் செடான், ஷோரூம் விலை 60 லட்சம்.

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. ஒன்பது வருஷம் ஒரு சொகுசுக் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அட்வைசராக இருந்தேன். 2021இல் வெளியே வந்து, கொருக்குப்பேட்டையில் தம்பி நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட், பார்ட்ஸ், பில் மூன்றையும் பார்க்கிறேன். பில் போடும் இடத்திலும் இருந்திருக்கிறேன், அந்தப் பில்லை எடுத்துக்கொண்டு கலங்கிப்போய் வருபவர்களையும் தினமும் பார்க்கிறேன். மாமாவுக்கு அன்று மதியம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இதே கேள்வியோடு இருக்கும் இன்னும் பலருக்கு உதவும்.

முதலில் விலையைப் பிரித்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அப்படியானால் 60 லட்சத்துக்குள் ஏறக்குறைய 17 லட்சம் வரி. அதற்கு மேல் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி. 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 20 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 20 சதவீதம், அதாவது 12 லட்சம். ஆக 29 லட்சம் இஞ்சினுக்கும் போகவில்லை, சீட்டுக்கும் போகவில்லை. வண்டியை விற்கும்போது இதை யாரும் தனியாகத் திருப்பித் தரப்போவதில்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் டீலர் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே பிடிக்கும் வருமான வரி, பிடிப்பார், 60,000 ரூபாய். அதை வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். நம் பக்கத்து வியாபாரிகள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆடிட்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்தது தேய்மானம். மார்க்கெட் விலை ஆளுக்கு ஆள் மாறும். அதனால் நான் இன்சூரன்ஸ் பட்டியலை எடுத்துக்கொள்வேன். காப்பீட்டு மதிப்பு புது விலையிலிருந்து இரண்டாவது வருஷம் மொத்தம் 20 சதவீதம் குறையும், மூன்றாவதில் 30, நான்காவதில் 40, ஐந்தாவதில் 50. 60 லட்சம் வண்டி ஐந்து வருஷத்தில் 30 லட்சம் இழக்கிறது, வருஷத்துக்கு 6 லட்சம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண 18 லட்சம் வண்டியை எடுத்தால், அது 9 லட்சம் இழக்கிறது, வருஷத்துக்கு 1,80,000. இரண்டுக்கும் ஆயுட்கால வரியில் இன்னொரு எட்டே முக்கால் லட்சம் வித்தியாசம். சர்வீஸ் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே இவ்வளவு.

மாமா தாளைத் திருப்பிப் போட்டு யோசித்தார். "படகு வாங்கறப்ப எங்கப்பா இதான் சொல்வாரு. கடல்ல போறப்ப இன்னா செலவுன்னு கேக்காதே, கரையில நிக்கறப்ப இன்னா செலவுன்னு கேளுன்னு." அதே கேள்விதான் இங்கேயும். வாரண்டி முடிந்து ஆறாவது வருஷம் இந்த வண்டி நிற்கும்போது என்ன கேட்கும்?

அதற்கு முன்னால், அதிகப்படியாகக் கொடுக்கும் பணத்துக்கு ஒன்றுமே கிடைக்காது என்று சொன்னால் அது பொய். 2018இல் ஒரு வாடிக்கையாளரின் வண்டியை மதுரையில் ஒப்படைக்க நானே ஓட்டிப் போனேன். ஏறக்குறைய 460 கிலோமீட்டர். இறங்கியபோது இடுப்பும் கழுத்தும் காலையில் இருந்த மாதிரியே இருந்தன. விழுப்புரம் தாண்டி மழை பிடித்தது. முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் அடிக்க, நானும் அடித்தேன், வண்டி கொஞ்சமும் ஆடாமல் நேராக நின்றது. சீட், சத்தத் தடுப்பு, பிரேக், வேகத்தில் ஒட்டி ஓடும் சஸ்பென்ஷன் எல்லாமே உண்மையான பொறியியல். முதுகுத் தேய்மானம் உள்ளவர்கள், வாரத்தில் இரண்டு நாள் திருச்சி, சேலம் என்று ஓடுபவர்கள் இந்தப் பணத்தைக் கொடுத்தால் நான் தடுக்கமாட்டேன்.

ஆனால் மாமாவின் ஓட்டம் எது? வீட்டிலிருந்து துறைமுகம், அங்கிருந்து பாரிமுனை பேங்க், மறுபடி வீடு. எல்லாம் ஐந்து, ஆறு கிலோமீட்டர். அவர் கொட்டேஷனில் இருந்ததோ டீசல். பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க அதற்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். டி.எச். ரோடில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் அந்தச் சூடு வராது. கம்ப்யூட்டர் டீசலைக் கூடுதலாக ஊற்றி எரிக்கப் பார்க்கும், நாம் பாதியில் அணைத்துவிடுவோம். எரியாத டீசல் இஞ்சின் ஆயிலில் இறங்கி ஆயில் அளவு ஏறும். கடைசியில் ஃபில்டர் அடைத்து மஞ்சள் விளக்கு எரியும். இந்தப் புகாருக்கு எங்களிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை பழுதான வண்டிகளே இல்லை, வாங்கியவரின் ஓட்டத்துக்குப் பொருந்தாத வண்டிகள்.

எனவே கொட்டேஷன் வாங்கும் முன் ஒரு மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தினமும் எத்தனை கிலோமீட்டர், அதில் இடைநிறுத்தாமல் 20 நிமிஷத்துக்கு மேல் ஓடியது எத்தனை முறை, பின்சீட்டில் உட்கார்ந்து போனீர்களா, ஓட்டினீர்களா. மாமாவுக்கு மாதம் 500 கிலோமீட்டர்கூட வரவில்லை. இடைநிறுத்தாத ஓட்டம் ஒன்றே ஒன்று, பொன்னேரி கல்யாணத்துக்குப் போனது. டீசல் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

நம் சாலையையும் அந்த நோட்டில் சேர்க்கவேண்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை, மணலி சாலை இரண்டிலும் கன்டெய்னர் லாரி இரவு பகலாக ஓடுகிறது. பள்ளம் விழாமல் எப்படி இருக்கும்? ஷோரூமில் அழகாகத் தெரியும் 19 அங்குல வீலில் டயரின் பக்கச்சுவர் உயரம் குறைவாகத்தான் இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் அலாய் வளையும், டயர் பக்கத்தில் கொப்பளிக்கும். கொப்பளித்த டயருக்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது, மாற்றியே ஆகவேண்டும். ஒரே மாடலில் சிறிய வீல் வரும் வேரியன்ட் இருந்தால் அதை எடுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். பல வண்டிகளில் இருக்காது, ரன்-ஃபிளாட் டயர் என்பார்கள். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போகலாம் என்பது அதன் பலன். விலையும் அதிகம், அடியும் கடினமாகத் தெரியும். கடலோரம் வண்டி நிறுத்துபவர்கள், காசிமேடும் திருவொற்றியூரும் குறிப்பாக, வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக்காற்று பிராண்டு பார்க்காது.

இனி சர்வீஸ். கார் வாங்குவது ஒரு முடிவு, டீலரிடமே காலம் முழுக்க சர்வீஸ் விடுவது வேறொரு முடிவு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பார்கள். நீங்கள் பிரித்து வாங்கவேண்டும்.

வாரண்டி இருக்கும்வரை டீலரிடமே விடுங்கள், இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளியாட்களுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததுதான் குற்றம். வெளியாளிடம் வண்டியைப் பழுதுபார்த்தார் என்பதற்காகவே மொத்த வாரண்டியும் போச்சு என்று நிபந்தனை வைக்கக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த உத்தரவை நம்பிக்கொண்டு 60 லட்சம் வண்டியில் சோதனை செய்யாதீர்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுப்பதாக இருந்தால் முதல் வாரண்டி முடியும் முன் எடுத்துவிடுங்கள். எது எது சேராது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். எலி கடித்த வயருக்கு வாரண்டி கிடையாது. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு, குடோன் பக்கம் வண்டி நிறுத்துபவர்களுக்கு நான் இதை இரண்டுமுறை சொல்வேன்.

வாரண்டி முடிந்த பிறகும் சில வேலைகளுக்கு டீலரிடம்தான் போகவேண்டும். ரீகால் என்று கம்பெனியே திரும்ப அழைத்து மாற்றித் தரும் வேலை இலவசம், நீங்கள் மூன்றாவது ஓனராக இருந்தாலும் இலவசம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து வருஷம் ஒருமுறை கேளுங்கள். ஏர்பேக், சாவி, இமொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு, கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர், ஹைப்ரிட் வண்டியின் ஹை வோல்டேஜ் பாகம் இவற்றை எங்களிடம் கொண்டுவந்தாலும் நாங்களே திருப்பி அனுப்பிவிடுவோம்.

மற்றவை? ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு, டிஸ்க், சஸ்பென்ஷன் புஷ், ஏ.சி. வேலை எல்லாம் ஸ்கேனரும் அனுபவமும் உள்ள வெளி ஒர்க்‌ஷாப்பில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் "தெரிஞ்ச மெக்கானிக்" என்ற ஒரே காரணம் போதாது. எங்கள் வீட்டுத் தவறையே சொல்கிறேன். 2021 கடைசியில் ஒரு வண்டிக்குத் தம்பி புது பேட்டரி மாற்றினான். பழையதைக் கழற்றி, புதியதை வைத்து, அனுப்பிவிட்டான். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் புது பேட்டரி வைத்தால் அதை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்யவேண்டும். இல்லையென்றால் பழைய பேட்டரிதான் இருக்கிறது என்று நினைத்து அதற்கேற்ற அளவில் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும். பதினோரு மாதத்தில் பேட்டரி செத்தது. எங்கள் செலவில் வேறு வைத்துக்கொடுத்தோம். அன்றைக்குத்தான் சரியான ஸ்கேனர் வாங்கினோம். எனவே வெளி ஒர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பேட்டரி மாத்துனா ரிஜிஸ்டர் பண்ணுவீங்களா?" பதில் சொல்பவரின் முகமே காட்டிவிடும்.

ஆயிலுக்கும் இதே கவனம் வேண்டும். 5டபிள்யூ-30 என்று ஆயிலின் தடிமனை மட்டும் சொன்னால் போதாது. வண்டிக் கம்பெனி கேட்கும் அப்ரூவல் நம்பர் கைப்புத்தகத்தில் இருக்கும், அதே நம்பர் டப்பாவின் பின்பக்கமும் இருக்கவேண்டும். சீல் உடைப்பதை நின்று பாருங்கள். பார்ட்ஸ் விஷயத்தில், கம்பெனி லோகோ போட்ட பெட்டிக்குள் இருப்பதும் பலநேரம் பாஷ், மாலே, லெம்ஃபோர்டர் போன்ற பார்ட்ஸ் தயாரிப்பாளர்கள் செய்ததுதான். அவர்களுடைய சொந்தப் பெட்டியில் வாங்கினால் விலை நன்றாகவே குறையும். சென்னையின் பார்ட்ஸ் கடைத்தெருவான ஜி.பி. ரோடில் கிடைக்கும். டூப்ளிகேட்டும் அதே ரோடில்தான் கிடைக்கும், ஆகையால் ஜிஎஸ்டி பில் தராத கடையில் பிரேக் சாமான் வாங்காதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை "லைஃப் டைம், மாத்தவே வேணாம்" என்று சொல்வார்கள். பல சொகுசுக் கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் 80,000இலேயே மாற்றச் சொல்வேன். அந்தச் செலவுக்குத் தயங்கி, பிறகு கியர்பாக்ஸையே இறக்கியவர்களை எனக்குத் தெரியும்.

டீலரிடம் விடும் நாளில் நடந்துகொள்ளவேண்டிய முறை ஒன்று இருக்கிறது. இதை உள்ளே இருந்தவளாகச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு ஜாப் கார்டுக்கும் (வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டு) இவ்வளவு ரூபாய் என்று மாத இலக்கு இருந்தது. இலக்கை எட்டச் சுலபமான வழி, பழுதுக்குச் சம்பந்தமில்லாத வரிகளைச் சேர்ப்பது. ஏ.சி. கிருமிநீக்கம், இஞ்சின் ட்ரெஸ்ஸிங், த்ராட்டில் சுத்தம், டேங்கில் ஊற்றும் அடிட்டிவ். கம்பெனியின் சர்வீஸ் அட்டவணையில் இவற்றில் பெரும்பாலானவை இருக்காது. நானும் சேர்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மகன் வாங்கிக்கொடுத்த வண்டிக்காக, நான் சேர்த்த வரிகளுக்கெல்லாம் பர்ஸிலிருந்து நோட்டை எண்ணி வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வேலையை நான் விட்டதற்கு அது ஒரு காரணம்.

அதனால், கையெழுத்துப் போடும் முன் "இதுல கம்பெனி ஷெட்யூல்ல இருக்கறது எது, நீங்க சிபாரிசு பண்றது எது? ரெண்டையும் பிரிச்சுக் குடுங்க" என்று கேளுங்கள். கோபப்பட வேண்டியதில்லை, சாதாரணமாகக் கேட்டால் போதும். அட்வைசர் பிரித்துத் தந்துவிடுவார். எஸ்டிமேட்டில் பார்ட் நம்பர் இருக்கவேண்டும். அதைப் பார்த்தால்தான் வெளியே விலை ஒப்பிட முடியும். லேபர் வரிகளைக் கூர்ந்து படியுங்கள். சில கம்பெனிகளில் 5 நிமிஷம் ஒரு யூனிட் என்று கணக்கு. முன்பக்க டிஸ்க் மாற்ற பேடைக் கழற்றியே ஆகவேண்டும். அப்படியிருக்க டிஸ்க் மாற்ற ஒரு லேபர், பேடு மாற்ற இன்னொரு முழு லேபர் என்று இருந்தால் ஒரே வேலைக்கு இரண்டுமுறை காசு கேட்கிறார்கள். பம்பர் கழற்றும் வேலைகளிலும் இதேதான். இதைக் காட்டிக் குறைத்தவர்கள் பலர். கழற்றிய பழைய சாமானை டிக்கியில் வைக்கச் சொல்லி ஜாப் கார்டிலேயே எழுதவையுங்கள். போனில் "சார், இன்னொரு வேலை இருக்கு" என்று வந்தால், போட்டோவோடு எழுத்தில் அனுப்பச் சொல்லி, பிறகு சம்மதியுங்கள். பேசியும் தீராத பிரச்சினைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் பதிவாக அந்த எழுத்தெல்லாம் வேண்டும்.

வாரண்டி முடிந்த நாளிலிருந்து, வண்டியின் புது விலையில் 3 சதவீதத்தை வருஷா வருஷம் தனியாக எடுத்து வையுங்கள். இது என் கணக்கு. 60 லட்சத்துக்கு 1,80,000. ஒரு வருஷம் அதில் கால்வாசிதான் செலவாகும், அடுத்த வருஷம் ஏர் சஸ்பென்ஷனோ ஹெட்லைட்டோ மொத்தத்தையும் கேட்கும். பழைய வண்டியாக 25 லட்சத்துக்கு வாங்கினாலும் இந்தக் கணக்கு 60 லட்சத்தின்மேல்தான். பாதி விலைக்கு வாங்கினோம் என்று பார்ட்ஸ் பாதி விலைக்கு வராது. இந்தத் தொகை கையை உறுத்தினால் அந்த வண்டி வேண்டாம்.

இன்சூரன்ஸில் இரண்டு சேர்க்கை கட்டாயம். ஒன்று, தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டிப்ரிசியேஷன். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் தருவார்கள். இந்த வண்டிகளில் பம்பரும் ஹெட்லைட்டும்தான் முதலில் அடிபடும். இன்னொன்று இஞ்சின் புரொடெக்ஷன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி வாடிக்கையாளர் ஒருவரின் வண்டி கதவுவரை தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த மறுநாள், ஓடுகிறதா பார்ப்போம் என்று ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். சிலிண்டருக்குள் தண்ணீர். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துபோனது. இஞ்சின் புரொடெக்ஷன் எடுக்கவில்லை என்பதால் இஞ்சினுக்கு ஒரு பைசா வரவில்லை. தண்ணீர் தொட்ட வண்டியில் பட்டனை அழுத்தாதீர்கள், சாவியைக்கூட வண்டியின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், கிரேனில் ஏற்றுங்கள். மழை பலமாக இருந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கமே போகாதீர்கள். இது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் அவசரத்தில் மறந்துபோகும்.

மாமா கடைசியில் புதியதை விட்டுவிட்டு, மூன்று வருஷம் ஓடிய ஒரு பெட்ரோல் வண்டியைப் பார்த்தார். முட்டிவலியோடு இருக்கும் அத்தை பின்சீட்டில் சிரமமில்லாமல் ஏறி இறங்கவேண்டும், மாதம் ஒருமுறை வேளாங்கண்ணி போகவேண்டும் என்றார். வேளாங்கண்ணி போகவர 600 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். அண்ணா நகரில் வண்டியைப் பார்க்க நானும் தம்பியும் கூடப் போனோம்.

இஞ்சின் ஆறியிருக்கும்போதே, காலையில் பாருங்கள். நாங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறோம் என்று திரும்பிவிட்டோம். ஞாயிறு அன்று பானெட் ஜில்லென்று இருந்தது. சீட் பெல்ட்டை முழுதாக, கடைசிவரை இழுத்துப் பார்த்தோம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரியும், அதைக் கழுவ யாருக்கும் ஞாபகம் வராது. சீட்டுக்கு அடியில் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா, டிக்கித் தரையைத் தூக்கினால் வாடை வருகிறதா என்று பார்த்தோம். இந்த வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டிகள் பலவும் அங்கேதான் இருக்கும். தம்பி ஸ்கேனர் மாட்டி, மீட்டரில் காட்டிய கிலோமீட்டரும் மற்றக் கன்ட்ரோல் யூனிட்டில் பதிவான கிலோமீட்டரும் ஒன்றா என்று பார்த்தான். டீலரிடமிருந்து சர்வீஸ் வரலாற்றை விற்பவரையே வாங்கித் தரச் சொன்னோம். டெல்லி வண்டியாக இருந்திருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். அங்கே 10 வருஷ டீசலுக்கும் 15 வருஷ பெட்ரோலுக்கும் தடை வந்ததிலிருந்து மலிவாக இங்கே வருகின்றன, ஆனால் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, இங்கத்திய வரி எல்லாம் சேர்த்தால் அந்த மலிவு நிற்காது.

வண்டி சுத்தமாக இருந்தது. பிரேக் ஆயில் மட்டும் இரண்டு வருஷம் தாண்டியிருந்தது, அது ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. அதற்கும், முன் டயர் இரண்டுக்கும் ஆகும் செலவை விலையில் குறைக்கச் சொல்லிக் குறைத்தோம். வாரண்டி இன்னும் எட்டு மாதம் இருந்ததால் முதல் சர்வீஸை டீலரிடமே விட்டார். சாயங்காலம் கடைக்கு வந்து டிக்கியைத் திறந்து, கழற்றிய ஃபில்டர்கள் இருந்த அட்டைப்பெட்டியை என் மேஜைமேல் வைத்தார். கூடவே, இரண்டாகப் பிரித்து எழுதி வாங்கிய எஸ்டிமேட்.

"படிச்சு சொல்லும்மா" என்றார். படித்தேன். சிபாரிசு என்று எழுதியிருந்த நான்கு வரிகளையும் அவரே பேனாவால் அடித்திருந்தார்.